ஒப்படைக்கப் போகிற ஹாங்காங்குக்கு ஐந்து புதுக் கப்பல்கள் எதற்கு?

"1997-ல் சீனாவிடம் ஒப்படைக்க வேண்டிய ஹாங்காங்குக்காக 1980-களில் பிரிட்டன் ஐந்து புது ரோந்துக் கப்பல்களைக் கட்டியது ஏன்? வாடகை வீட்டில் கிணறு வெட்டிய கதைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஹாங்காங்கைப் பற்றியது போலத் தெரிந்தாலும், நீங்கள் கேட்பது அதைவிடப் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். முப்பது வருடம் உழைக்கக்கூடிய ஒரு பொருளை, இன்னும் பதினைந்து பதினாறு வருடம்தான் கையில் இருக்கும் என்று தெரிந்த இடத்துக்காக ஓர் அரசு எந்தக் கணக்கில் வாங்குகிறது? அந்தக் கணக்கு சரியாக இருந்ததா? கப்பல் பழுதுபார்ப்பிலும், பழைய கப்பலுக்கு எப்போது மாற்று வாங்குவது என்ற திட்டமிடலிலும் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கப்பலின் உடல், இன்ஜின், பராமரிப்பு பற்றிச் சொல்வதை நம்பிக்கையோடு சொல்வேன். லண்டன் அமைச்சகங்களுக்குள் யார் யாரைச் சம்மதிக்க வைத்தார்கள் என்பது என் துறை இல்லை. அந்த இடங்களில் நான் சொல்வது நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்துச் செய்யும் ஊகம்தான். அப்படிச் செய்யும்போது ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பழைய கப்பல்கள். 1970-களில் ஹாங்காங் கடலில் ரோந்து போனவை ரோந்துக்காகக் கட்டப்பட்ட கப்பல்களே அல்ல. 1950-களில் கடற்கண்ணிகளை அகற்றுவதற்காகக் கட்டப்பட்ட 'டன்' வகுப்புக் கப்பல்கள் அவை. அவற்றில் ஐந்தை மாற்றியமைத்து, கூடுதல் பீரங்கி பொருத்தி, 1970-களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் நிறுத்தினார்கள்: பீச்சம்டன், மாங்க்டன், வாஸ்பர்டன், உல்வர்டன், யார்ன்டன். சூயஸுக்குக் கிழக்கே இருந்த படைகளை பிரிட்டன் திரும்ப அழைத்துக்கொண்டிருந்த காலம் அது. சிங்கப்பூர்த் தளம் சுருங்கியபோது கையில் மிச்சமிருந்தவற்றை வைத்துச் செய்த ஏற்பாடு இது. தொலைதூர ஆட்சிப் பகுதிகளுக்கு எப்போதும் இதுதான் நடக்கும். தாய்நாட்டுக் கடற்படைக்கு வேண்டாம் என்று ஆனதுதான் அங்கே போய்ச் சேரும்.

அந்தக் கப்பல்களின் உடல் அலுமினியச் சட்டத்தின் மேல் மஹோகனி பலகை அடித்துச் செய்தது. காந்தக் கண்ணி வெடித்துவிடக் கூடாது என்பதற்காக இரும்பைக் குறைத்துக் கட்டினார்கள். கண்ணி வாருவதற்கு அது அவசியம். ரோந்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, தொல்லைதான் மிச்சம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மரம் ஊறும், கடற்புழு அரிக்கும், மரமும் அலுமினியமும் சேரும் இடங்களில் ஈரம் தங்கி இரண்டும் கெடும். எஃகு உடலில் தகடு மெலிந்துவிட்டால் கருவி வைத்து அளந்து, அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்துவிடலாம். பலகைக் கப்பலில் ஒரு பலகையைக் கழற்றினால்தான் அடுத்த பலகை எப்படி இருக்கிறது என்றே தெரியும். அதனால் கப்பலைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்திச் செய்யும் ஒவ்வொரு டிரைடாக் வேலையும் போட்ட மதிப்பீட்டைத் தாண்டித்தான் முடியும். வேகமோ 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) அளவுக்கு மேல் போகாது. இருபது வருடம் தாண்டிய அப்படிப்பட்ட கப்பலை 1980-களுக்குள் இழுத்துக்கொண்டு போவது சிக்கனம் இல்லை. மாற்றுக் கப்பல் வேண்டும் என்ற முடிவுக்கு அரசியல் காரணமே தேவையில்லை; இன்னொரு பத்து வருடத்துக்கு அந்தக் கப்பல்கள் தாங்காது என்ற ஒரு காரணம் போதும்.

ஆனால் அதே நேரத்தில் கடலிலும் நிலைமை மாறிப்போனது. 1978 டிசம்பரில் ஹுவே ஃபோங் என்ற சரக்குக் கப்பல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வியட்நாமிய அகதிகளோடு ஹாங்காங் எல்லைக்கு வந்து நின்றது. 1979-ல் மட்டும் 68,000-க்கும் மேற்பட்டவர்கள் படகில் வந்து சேர்ந்தார்கள். இது போதாதென்று சீனாவிலிருந்து நிலம் வழியாகவும் நீர் வழியாகவும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லையில் பிடிபடாமல் நகருக்குள் வந்துவிட்டால் தங்கிக்கொள்ளலாம் என்றொரு கொள்கை 1974 முதல் இருந்தது. அதை 1980 அக்டோபரில்தான் எடுத்தார்கள். அதுவரை, இரவோடு இரவாகக் கடலைக் கடந்துவிடுவது உயிரைப் பணயம் வைக்கத் தகுந்த முயற்சியாகவே பலருக்கு இருந்தது. ஆட்கடத்தல்காரர்கள் வேகப் படகு வாங்கினார்கள். 15 நாட் கப்பல் அவர்களுக்குப் பின்னால் போய் என்ன செய்யும்? அவசரத்துக்குக் காற்று மெத்தையில் ஓடும் ஹோவர்கிராஃப்ட்களும், சிறு வேகப் படகுகளோடு பிரிட்டிஷ் கடற்படையின் ராயல் மரீன் வீரர்களும் வரவழைக்கப்பட்டார்கள். நிரந்தரமான மாற்று வேண்டும் என்ற கோரிக்கைக்கு இந்த இரண்டு வருடங்கள் கொடுத்த பலத்தை வேறெந்த அறிக்கையும் கொடுத்திருக்க முடியாது.

இப்போது பணத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியில் "பிரிட்டன் கட்டியது" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் பெரும்பங்கு பணம் ஹாங்காங் அரசுடையது. 1970-களின் நடுவில் பிரிட்டன் தன் பாதுகாப்புச் செலவைக் குறைத்தபோது, ஹாங்காங்கில் உள்ள படையின் செலவை யார் ஏற்பது என்று பெரிய பேரம் நடந்தது. முடிவில் ஹாங்காங்கின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு ஏறி, 1978 வாக்கில் 75 சதவீதத்தில் நின்றது. 1981-ல் புதுப்பித்த ஒப்பந்தத்திலும் அதே 75 சதவீதம். புதிய ரோந்துக் கப்பல்களைக் கட்டும் செலவிலும் முக்கால் பங்கை ஹாங்காங் அரசே ஏற்றது.

இந்த ஒரு தகவலே கேள்வியின் முகத்தை மாற்றிவிடுகிறது. 1981 ஜூனில் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட், கடற்படையின் மேற்பரப்புக் கப்பல்களை வெட்டிக் குறைக்கும் திட்டத்தை நாடாளுமன்றத்தில் வைத்தார். விமானந்தாங்கியையே விற்கலாம் என்ற அளவுக்குப் போன திட்டம் அது. அதே 1981-ல்தான் ஹாங்காங்குக்கு ஐந்து புதுக் கப்பல்களுக்கான ஆர்டரும் போனது. தாய்நாட்டுக் கடற்படைக்குக் கத்தரி, ஒரு காலனிக்குப் புதுக் கப்பல் என்றால் பார்ப்பவருக்கு வினோதமாகத்தான் இருக்கும். பணம் யாருடையது என்று தெரிந்தவுடன் வினோதம் போய்விடும். லண்டன் கருவூலத்தின் கண்ணில், நாலில் ஒரு பங்கு விலைக்கு ஐந்து கப்பல் கிடைக்கிறது. அந்த வேலையும் வெளிநாட்டுக்குப் போகாமல் ஸ்காட்லாந்தில் உள்ள அபர்டீன் நகரின் ஹால் ரஸ்ஸல் கட்டுந்தளத்துக்கே போகிறது. ஐலண்ட், காசில் வகுப்பு ரோந்துக் கப்பல்களை அதே கடற்படைக்குக் கட்டிக் கொடுத்த இடம் அது. முதல் முறையாக ரோந்துக் கப்பலைத் தொடும் கட்டுந்தளத்தில் வரும் தாமதம், திருத்தம் எல்லாம் இங்கே குறையும். வேலைவாய்ப்பை மனதில் வைத்தார்களா, தொழில்திறமையையா என்று கேட்டால் இரண்டும் ஒரே பக்கம் இழுத்தன என்று ஊகிக்கிறேன்.

காலக்கணக்கைப் பார்ப்போம். ஹாங்காங்கின் பெரும்பகுதியான, சீனாவிடம் குத்தகைக்கு எடுத்த புதிய எல்லைப் பகுதியின் (நியூ டெரிட்டரீஸ்) 99 வருடக் குத்தகை 1898-ல் தொடங்கியது. அது 1997 ஜூன் 30-ல் முடியும் என்பது 1981-ல் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முடிந்த பிறகு என்ன ஆகும் என்பது தெரியாது. ஆளுநர் மெக்லஹோஸ் 1979-ல் பெய்ஜிங் போய் சீனத் தலைவர் தெங் சியாவோபிங்கிடம் இந்தப் பேச்சை எடுத்தார். முதலீட்டாளர்கள் மனதை அமைதியாக வைத்துக்கொள்ளட்டும் என்ற செய்திதான் திரும்பி வந்தது. பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் பெய்ஜிங் போனது 1982 செப்டம்பரில். முழு ஹாங்காங்கும் திரும்பப் போகிறது என்று கையெழுத்தானது 1984 டிசம்பர் 19-ல். அதாவது ஆர்டர் கொடுத்தபோது ஒப்படைப்பு ஒரு சாத்தியம், முடிவல்ல. கையெழுத்து ஆன நேரத்தில் முதல் கப்பலான பீகாக் ஏற்கெனவே சேவைக்கு வந்துவிட்டது. கடைசிக் கப்பல் ஸ்விஃப்ட் 1985-ல் சேர்ந்தது. "ஒப்படைப்பது தெரிந்தும் கட்டினார்கள்" என்பது அதனால் பாதிதான் சரி.

பாதி சரியாக இருப்பதற்கும் பதில் வேண்டும்தானே. மிக மோசமான நிலையை எடுத்துக்கொள்வோம்: 1997-ல் போய்த்தான் ஆக வேண்டும் என்று திட்டமிட்டவர்களுக்கு உறுதியாகவே தெரியும் என்று வையுங்கள். அப்போதும் நான் இதே முடிவைத்தான் பரிந்துரைத்திருப்பேன். வீட்டைக் காலி செய்யும்போது கிணற்றை எடுத்துக்கொண்டு போக முடியாது. கப்பலை எடுத்துக்கொண்டு போகலாம், விற்கவும் செய்யலாம். எஃகு ரோந்துக் கப்பலின் உடல் ஒழுங்கான பராமரிப்பில் முப்பது வருடம் தாராளமாக உழைக்கும். இன்ஜினைப் பன்னிரண்டு, பதினைந்து வருடத்தில் முழுசாகக் கழற்றி மாட்ட வேண்டும். ராடார், வானொலிக் கருவிகள் எப்படியும் பத்து வருடத்தில் பழையதாகிவிடும். ஆகவே பதின்மூன்று வருடம் ஓடிய கப்பலை விற்பவன், வாங்குபவனுக்குப் பாதிக்கும் மேல் ஆயுளை மிச்சம் வைத்துக் கொடுக்கிறான். பழைய மரக் கப்பலைத் தட்டிக்கொட்டி 1997 வரை ஓட்டியிருந்தால் கடைசியில் அது உடைப்பதற்குத்தான் போயிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்தால் புதுக் கப்பல் அவ்வளவு விலை உயர்ந்ததாகத் தெரியாது. அலுவலகங்களில் இந்தக் கூட்டலைச் செய்யாமல் விடுவதுதான் வழக்கமான தவறு. கட்டும் விலை ஒரே நாளில் பேப்பரில் பெரிய எண்ணாக வரும். பழுதுச் செலவு சிறுசிறு பில்லாக, பல வருடத்துக்குப் பரவி, யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

பீகாக் வகுப்பின் வடிவமைப்பிலும் இந்தச் சிந்தனை தெரிகிறது. சுமார் 62 மீட்டர் நீளம், முழுச் சுமையில் 700 டன்னுக்குக் கொஞ்சம் மேல், இரண்டு பீல்ஸ்டிக் டீசல் இன்ஜின்கள் சேர்ந்து 14,000 குதிரைத்திறன், 25 நாட் வேகம், சுமார் 40 பேர் கொண்ட குழு. டீசலையே வைத்துக்கொண்டதும், அதிலும் உலகம் முழுக்க ஆட்களுக்குத் தெரிந்த இன்ஜினைத் தேர்ந்ததும் எனக்கு மிகவும் பிடித்த முடிவுகள். எரிவாயுச் சுழலி இன்ஜின் வைத்திருந்தால் 30 நாட்டுக்கு மேல் போயிருக்கும். ஆனால் ஓடும் நேரத்தில் தொண்ணூறு சதவீதம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ரோந்துக் கப்பலுக்கு அந்த இன்ஜின் எண்ணெயைக் குடித்தே கருவூலத்தைக் காலி செய்திருக்கும். பிறகு யாரும் வாங்கவும் வந்திருக்க மாட்டார்கள். புயலையும் மனதில் வைத்தே வரைந்தார்கள். ஹாங்காங்கில் டைஃபூன் எச்சரிக்கை வரும்போது சிறு படகுகள் ஒதுங்கிடத்துக்கு ஓடும். அந்த நேரத்தில்தான் தத்தளிக்கும் கப்பல்களிடமிருந்து உதவிக் குரலும் வரும். வெளியே நிற்கக்கூடிய கப்பலாக ஒன்றாவது இருக்க வேண்டும். 1979-ல் ஹோப், 1983-ல் எலன் என்று பலமான புயல்களைக் கண்ட துறைமுகத்தில் அது ஆடம்பரத் தேவை இல்லை.

முன்பக்கம் ஒரு 76 மில்லிமீட்டர் ஓட்டோ மெலாரா பீரங்கி இருந்தது. போலீஸ் வேலைக்கு இவ்வளவு பெரிய பீரங்கி எதற்கு என்று அப்போதே கேட்டிருப்பார்கள், நியாயமான கேள்விதான். அகதிப் படகையோ ஆட்கடத்தும் படகையோ நோக்கி யாரும் 76 மில்லிமீட்டர் பீரங்கியைத் திருப்பப் போவதில்லை. இது கடற்படைக் கப்பல், கடலோரக் காவல்துறைப் படகு இல்லை என்று காட்டுவதற்கான அடையாளம் என்பது ஒரு விளக்கம். இத்தாலியில் செய்து பல நாடுகள் பயன்படுத்தும் பீரங்கி, பின்னால் விற்க எளிது என்பது இன்னொரு விளக்கம். இந்த இரண்டாவது காரணத்தை 1981-ல் யாராவது மனதில் வைத்தார்களா என்பது என் ஊகத்துக்கு உட்பட்டது. ஆனால் பலன் அப்படித்தான் அமைந்தது.

ஐந்து என்ற எண்ணிக்கை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். இருக்கிற அத்தனை கப்பலும் கடலில் நிற்காது. ஒரு கப்பல் எப்போதும் கடலில் இருக்க வேண்டுமானால் மூன்று வேண்டும் என்பது எங்கள் துறையின் பழைய கணக்கு. ஒன்று ரோந்தில், ஒன்று டாக்யார்டில், ஒன்று பயிற்சி, விடுப்பு, சிறு பழுது என்று கரையில். வீட்டுத் துறைமுகமே ரோந்துக் கடலாக இருக்கும் ஹாங்காங் போன்ற இடத்தில் பயண நேரம் மிச்சம், அதனால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஐந்து கப்பல் இருந்தால் இரண்டை நிம்மதியாகக் கடலில் வைக்கலாம், நெருக்கடி வந்தால் மூன்று. மூன்று கப்பல் மட்டும் என்றால் ஒன்றுக்குத்தான் உத்தரவாதம்.

இதைச் சொல்வது 1988-க்காக. அந்த வருடம் ஸ்வாலோ, ஸ்விஃப்ட் என்ற இரண்டு கப்பல்களையும் அயர்லாந்துக் கடற்படைக்கு விற்றார்கள். சேவைக்கு வந்து மூன்று நான்கு வருடமே ஆன கப்பல்கள். செலவுப் பகிர்வு ஒப்பந்தமும் அந்தச் சமயத்தில் மாறி, ஹாங்காங்கின் பங்கு 75-லிருந்து 65 சதவீதத்துக்கு இறங்கியது. படையை மொத்தமாகச் சுருக்கும் பேச்சின் ஒரு பகுதியாகத்தான் இந்த விற்பனையைப் பார்க்கிறேன். சரி, சுருக்குவது புரிகிறது. ஆனால் நேரத்தைப் பாருங்கள். 1988-லேயே வியட்நாமியர் வருகை மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. வருகிற ஒவ்வொருவரையும் உண்மையான அகதியா என்று விசாரிக்கும் முறை அந்த ஜூனில்தான் தொடங்கியது. அடுத்த வருடம், 1989-ல், 34,000 பேர் அளவுக்கு வந்தார்கள். உங்களுடைய கேள்விக்கு என் நேரடியான பதில் இதுதான்: ஐந்து கட்டியது தவறில்லை, இரண்டை 1988-ல் விற்றதுதான் தவறு. கரையோர வேலையில் பெரும்பகுதியைக் கடல்சார் போலீஸ் பார்த்துக்கொண்டது என்பதால் விளைவு பேரழிவாக இல்லை. அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கப்பல் எண்ணிக்கையை அந்த வருட பட்ஜெட்டைப் பார்த்து வெட்டினால் அடுத்த வருடக் கடல் அதற்காகக் காத்திருக்காது.

திட்டத்தில் உண்மையான ஒரு ஓட்டையும் இருந்தது. அது வேகம். 1980-களின் கடைசியில் ஹாங்காங்குக்கும் சீனக் கரைக்கும் இடையே 'தாய் ஃபேய்' என்று கான்டனீஸில் அழைக்கப்பட்ட நீண்ட கடத்தல் படகுகள் ஓடத் தொடங்கின. பின்னால் நான்கு ஐந்து பெரிய வெளிப்புற மோட்டார்கள். உள்ளே தொலைக்காட்சிப் பெட்டிகள், சில சமயம் திருடிய பென்ஸ் காரே. இவற்றுக்கு 25 நாட் ஒரு பொருட்டே இல்லை. பெரிய கப்பல் தூரத்தில் நின்று ராடாரில் பார்த்துச் சொல்ல, வேகமான ரப்பர் விளிம்புப் படகுகள் துரத்த, போலீஸும் சுங்கத்துறையும் கடற்படையும் ஒன்றாகச் சேர்ந்த தனிப்படை 1990-களின் தொடக்கத்தில் உருவானது. துரத்தல்களில் உயிர்ச்சேதமும் நடந்தது. பத்து வருடம் முன்னால் திட்டம் வரைந்தவர்கள் இதைக் கண்டிருக்க முடியுமா? மோட்டார்களின் இந்த வளர்ச்சியை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் சின்ன வேகப் படகுகளை இறக்கி ஏற்றும் தாய்க்கப்பலாக முதலிலேயே வடிவமைத்திருக்கலாம் என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. இன்றைக்கு ரோந்துக் கப்பல் வரையும் எவரும் முதலில் கேட்பது படகை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு மோசமான கடலில் இறக்க முடியும் என்பதைத்தான். பீரங்கி பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

1997-ல் என்ன நடந்தது? ஜூன் 30 இரவு பிரிட்டானியா என்ற அரச படகும் சாட்டம் என்ற போர்க்கப்பலும் கிளம்பியபோது பீகாக், ப்ளவர், ஸ்டார்லிங் மூன்றும் கூடவே வெளியேறின. சீனா தன் காவற்படைக்குச் சொந்தப் படகுகளைக் கொண்டுவந்தது. மூன்று கப்பல்களும் அப்படியே தெற்கே மணிலாவுக்குப் போய், அதே வருடம் பிலிப்பைன்ஸ் கடற்படையில் எமிலியோ ஹாசிந்தோ, அப்போலினாரியோ மபினி, ஆர்த்தெமியோ ரிக்கார்த்தே என்று புதுப் பெயரில் சேர்ந்தன. பிலிப்பைன்ஸில் இருந்த அமெரிக்கத் தளங்கள் 1992-ல் மூடி, 1995-ல் தென் சீனக் கடலின் மிஸ்சீஃப் ரீஃப் என்ற பவளத்திட்டு சீனாவிடம் போயிருந்த நிலையில், இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கப்பல்களை ஓட்டிக்கொண்டிருந்த அந்தக் கடற்படைக்கு இவை பெரிய வரவு. 2000-களில் தவணை தவணையாகப் புதுப்பித்து ஓட்டினார்கள். அயர்லாந்துக்குப் போன இரண்டும் ஓர்லா, கியாரா என்ற பெயரில் மீன்பிடிக் கண்காணிப்பு செய்தன. தென் சீனக் கடலுக்காக வரைந்த கப்பல்கள் அட்லாண்டிக் அலையில் உருளும், குழுவுக்குக் கடினமான சேவைதான். அப்படியிருந்தும் 2022 ஜூலையில்தான் இரண்டுக்கும் ஓய்வு கொடுத்தார்கள். முப்பத்தேழு வருடத்துக்கும் மேல் உழைத்திருக்கின்றன. ஹாங்காங்குக்கு உழைத்தது அதில் பத்தில் ஒரு பங்கு.

திட்டமிட்டு மாற்றுவதற்கும் அவசரத்தில் மாற்றுவதற்கும் வித்தியாசம் தெரிய, அதே பிரிட்டனின் ஃபாக்லண்ட் தீவுகளைப் பாருங்கள். அர்ஜென்டினாவுடன் 1982-ல் நடந்த போர் முடிந்ததும் அங்கே உடனடியாக ரோந்து வேண்டும், கட்ட நேரமில்லை. வட கடல் எண்ணெய் மேடைகளுக்குச் சேவை செய்துகொண்டிருந்த மூன்று கப்பல்களை வாங்கி, பீரங்கி வைத்து 1983-ல் அனுப்பினார்கள். பிறகு காசில் வகுப்புக் கப்பல்கள் மாறி மாறி நின்றன. அந்த இரண்டையும் பங்களாதேஷ் 2010-ல் வாங்கியது. 2007-ல் வந்த கிளைட் என்ற கப்பலை முதலில் வாங்கவே இல்லை, கட்டிய நிறுவனத்திடமே குத்தகைக்கு எடுத்தார்கள். பழுதுபார்ப்பும் அந்த நிறுவனத்தின் பொறுப்பு. 2020-ல் ஃபோர்த் என்ற புதுக் கப்பல் வந்தபோது கிளைட் பஹ்ரைனுக்குப் போனது. எவ்வளவு காலம் வேண்டும் என்று தெரியாத இடத்துக்குக் குத்தகை ஒரு நல்ல வழி. கப்பல் ஓடாத நாளுக்குப் பணம் குறையும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் நிறுவனமே ஓடி ஓடிப் பழுது பார்க்கும், இதை நான் வேலையில் நேரில் பார்த்திருக்கிறேன். 1981-ல் போர்க்கப்பலைக் குத்தகைக்கு எடுக்கும் பழக்கம் இருந்திருந்தால் ஹாங்காங்குக்கும் அதைப் பரிசீலித்திருக்கலாம்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. இந்தக் கப்பல்களின் குழுவில் ஹாங்காங்கிலேயே சேர்த்துக்கொண்ட சீன மாலுமிகளும் இருந்தார்கள். தொடர்புக்கு மொழி, அந்த நீர்ப்பரப்பு பற்றிய அறிவு, மீனவர்களின் படகுகளை அடையாளம் காணும் கண் என்று ரோந்தின் பாதித் திறமை அவர்களுடையது. இரும்புக்கு 1997-க்குப் பிறகு எங்கே போவது என்று விடை கிடைத்தது: அயர்லாந்து, பிலிப்பைன்ஸ். ஆட்களுக்குக் கிடைக்கவில்லை. 1990-ல் வந்த குடியுரிமைத் திட்டம் 50,000 குடும்பத் தலைவர்களுக்கு மட்டும் என்று இருந்ததால், கடற்படையிலும் ராணுவத்திலும் உள்ளூரில் சேர்ந்து உழைத்தவர்களில் ஒரு பகுதியினருக்கே பிரிட்டிஷ் கடவுச்சீட்டு கிடைத்தது. மற்றவர்கள் இருபது வருடத்துக்கும் மேல் மனு மேல் மனு போட்டார்கள். அவர்கள் பிரிட்டனில் குடியேற விண்ணப்பிக்கலாம் என்ற அறிவிப்பு 2023-ல்தான் வந்தது. அப்போது பலருக்கு ஓய்வு வயது. ஒரு மாற்றுத் திட்டத்தை என் மேசையில் யாராவது வைத்தால், உடல், இன்ஜின், உதிரிபாகம், மறுவிற்பனை மதிப்பு எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாக இருக்கும். குழுவுக்கு 'பயிற்சி' என்று ஒரு பத்திதான் இருக்கும். அந்தப் பத்தியை விரித்து எழுதச் சொல்லித்தான் நான் எப்போதும் திருப்பி அனுப்புவேன்.